இரண்டு முனையும் சமம் என்றால் வெளியீடு ஏன் பூஜ்யம் இல்லை?

ஜனவரி 17, மாலை 6.10 | மன்னை மாணவன்

ஆப்-ஆம்ப் என்பது ப்ளஸ், மைனஸ் என்ற இரண்டு உள்ளீட்டுக் கால்களுக்கு நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கி வெளியே தரும் சிப். அந்தப் பெருக்கத்தை (கெயின்) முடிவிலி என்று வைத்துப் போடும் ஐடியல் கணக்கு எதை எடுத்தாலும், இரண்டு உள்ளீடும் ஒரே வோல்டேஜ் என்று முதல் வரி எழுதச் சொல்கிறார்கள். சமம் என்றால் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தை எவ்வளவால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆனால் நாலாவது வரியில் வெளியீடு −5 வோல்ட் என்று விடை வருகிறது. இன்னொன்று, இரண்டும் சமம் என்றால் இரண்டு காலையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டாலும் அதே விடை வர வேண்டும் அல்லவா? வராது என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "இது விர்ச்சுவல் ஷார்ட், நிஜ ஷார்ட் இல்லை" என்கிறார்கள். பெயர் வைத்துவிட்டால் விளக்கம் ஆகிவிடுமா? இந்த ஐடியல் கணக்கு தன்னைத்தானே மறுக்கிறது என்பது என் கட்சி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வழி தெரியவில்லை.

ஜனவரி 17, இரவு 9.45 | அரசலாறு

மனப்பாடம் வேண்டாம் தம்பி. கேள்வி சரியான கேள்வி. இதைக் கேட்காமல் தாண்டிப் போனவர்கள்தான் பின்னால் சர்க்யூட் முன்னால் உட்கார்ந்து முழிக்கிறார்கள்.

ஐடியலை ஓரமாக வைத்துவிட்டு நிஜமான 741 என்கிற ஆப்-ஆம்ப் சிப்பை எடுங்கள். அதன் கெயின் சாதாரணமாக 2 லட்சம். வெளியீட்டில் 5 வோல்ட் நிற்க வேண்டுமானால் இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு இருக்க வேண்டும்? 5-ஐ 2 லட்சத்தால் வகுத்தால் 25 மைக்ரோவோல்ட். நம் கையில் இருக்கும் சாதாரண மல்டிமீட்டர் 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் காட்டும் கடைசி இலக்கமே 100 மைக்ரோவோல்ட். அதனால் மீட்டர் பூஜ்யம் காட்டும். இருப்பது பூஜ்யம் இல்லை.

கெயினை 20 லட்சம் ஆக்குங்கள், வித்தியாசம் 2.5 மைக்ரோவோல்ட் ஆகும். 2 கோடி ஆக்குங்கள், 0.25 ஆகும். வித்தியாசம் தேயத் தேய கெயின் ஏறுகிறது, பெருக்கினால் வரும் 5 மட்டும் அசையாமல் நிற்கிறது. ஐடியல் என்பது இந்த ஓட்டத்தின் கடைசிப் படி. "பூஜ்யத்தால் பெருக்கினேன்" என்று நீங்கள் சொல்லும்போது இன்னொரு பக்கம் முடிவிலி நிற்பதை மறந்துவிட்டீர்கள்.

கம்பி விஷயம் நாளைக்கு. கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் காத்திருக்கிறது, தை மாதம் முழுக்கக் கல்யாணம்.

ஜனவரி 18, காலை 7.20 | அரசலாறு

எண்ணில் பார்த்தால்தான் மனசு நம்பும். உள்ளே 0.5 வோல்ட், அங்கிருந்து மைனஸ் காலுக்கு வரும் வழியில் 1 கிலோ ஓம், ஃபீட்பேக்கில் (வெளியீட்டிலிருந்து மைனஸ் காலுக்குத் திரும்பும் வழியில்) 10 கிலோ ஓம், ப்ளஸ் கால் கிரவுண்டில். ஐடியல் விடை −5.

கெயின் குறைவாக இருந்தால் விடை எவ்வளவு குறையும்? 5-ஐ "1 கூட்டல் 10 வகுத்தல் கெயின்" என்பதால் வகுக்க வேண்டும். கெயின் வெறும் 10 என்றால் 2.5 வோல்ட். 100 என்றால் 4.55. 1000 என்றால் 4.95. 2 லட்சம் என்றால் 4.9998-க்குப் பக்கத்தில். உங்கள் லேபில் இருக்கும் 5 சதவீத ரெசிஸ்டர் செய்யும் பிழைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஐடியல் என்று எழுதுவது பொய் இல்லை. எந்தப் பிழையை விட்டுவிடலாம் என்று தெரிந்து விடுவது.

ஜனவரி 18, மதியம் 1.30 | மன்னை மாணவன்

இது புரிகிறது அண்ணா. ஆனால் இன்னும் கம்பிக் கேள்வி நிற்கிறது.

ஜனவரி 19, இரவு 10.15 | அரசலாறு

கம்பிக்கு வருகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் அரசலாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலில் வரும். தலைமதகில் இரும்பு ஷட்டர், மேலே திருகு. பக்கச் சுவர்க் கல்லில் ஒரு கோடு வெட்டியிருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர்) அந்த மதகு மேல் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் திருகை இந்தப் பக்கம் நாலு சுற்று, ஷட்டர் ஏறும். கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் நாலு சுற்று. அவர் இருந்தால் தண்ணீரும் கோடும் ஒட்டியே இருக்கும்.

இப்போது பாருங்கள். கோடும் தண்ணீரும் சமமாக இருக்கின்றன. இரண்டையும் எதுவும் கட்டிவைக்கவில்லை. லஸ்கர் பார்த்துப் பார்த்துச் சமமாக்குகிறார். அவர் கண் தண்ணீரில் ஒரு சொட்டும் எடுப்பதில்லை: உள்ளீட்டில் மின்னோட்டம் இல்லை என்கிற விதி அதுதான். அவர் கை திருகினால் வாய்க்கால் முழுதும் அசைகிறது: அதுதான் வெளியீடு.

நீங்கள் சொல்லும் கம்பி என்ன செய்யும்? கோட்டை அழித்துவிட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே புதுக்கோடு போடுவது மாதிரி. அப்புறம் லஸ்கருக்கு என்ன வேலை? தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும், திருகைத் தொட மாட்டார். வித்தியாசம் இருந்தால்தான் அவருக்குத் தெரியும், தெரிந்தால்தான் திருத்துவார். அந்த 25 மைக்ரோவோல்ட்டைக் கம்பி போட்டு அழித்தால் ஆப்-ஆம்ப்புக்குக் கண் போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயம் இதே மதகில் இருக்கிறது. ஆற்றிலேயே தண்ணீர் இல்லை என்றால் ஷட்டரை முழுக்கத் தூக்கினாலும் கோடு வரை ஏறாது. புதிதாக வந்த ஒருவர் திருகைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தண்ணீர் குறைந்தால் மூடினார் என்றால், குறைந்தது இன்னும் குறையும், கடைசியில் வாய்க்கால் காய்ந்து நிற்கும். இரண்டிலும் லஸ்கர் இருக்கிறார், கோடு இருக்கிறது, சமம் மட்டும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஜனவரி 20, காலை 11.05 | ஆழித்தேர்

திருவாரூரிலிருந்து எழுதுகிறேன், பாலிடெக்னிக்கில் இந்தப் பாடத்தை நிறைய வருடம் எடுத்தவள். இரண்டு திருத்தம். ஒன்று, 18-ஆம் தேதிக் கணக்கில் 10 இல்லை, 11 வர வேண்டும். இரண்டு, லஸ்கர் மெதுவாக நடக்கிறவர். தண்ணீர் சட்டென்று ஏறினால் அவர் திருகி முடிக்கும்வரை கோடும் தண்ணீரும் சமமாக இருக்காது. ஐடியலுக்கு உவமை என்றால் அவர் நொடியில் திருக வேண்டும்.

ஜனவரி 20, இரவு 9.30 | அரசலாறு

மேடம் சொன்னது சரி. முனையில் சமன்பாடு எழுதாமல் நினைவில் இருந்ததைப் போட்டேன், அங்கே தவறினேன்.

எழுதிப் பார்க்கிறேன். மைனஸ் காலில் நிற்கும் வோல்டேஜ் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது: உள்ளீட்டின் 11-ல் 10 பங்கு, வெளியீட்டின் 11-ல் 1 பங்கு. அதாவது வெளியீடு எவ்வளவு அசைந்தாலும் அதில் 11-ல் ஒரு பங்குதான் திரும்பி வந்து லஸ்கர் கண்ணில் படுகிறது. அதனால் திருத்தும் பலம் கெயினை 11-ஆல் வகுத்தது. சரியான விடைகள்: கெயின் 10-க்கு 2.38 வோல்ட், 100-க்கு 4.50, 1000-க்கு 4.946, 2 லட்சத்துக்கு 4.9997. முடிவு மாறவில்லை, ஆனால் அந்த 11 எங்கிருந்து வருகிறது என்று தெரிவது பெரிய விஷயம். தலைகீழாக்கும் சர்க்யூட்டின் கெயின் 10 என்றாலும், அதன் பிழை, இரைச்சல், ஆஃப்செட் (இரண்டு காலும் சமமாக இருந்தாலும் உள்ளீட்டில் இருப்பது போல மிஞ்சும் சிறு வோல்டேஜ்) எல்லாம் 11-ஆல்தான் பெருகும்.

இரண்டாவது திருத்தத்தைப் பற்றி மதியம் முழுக்க யோசித்தேன். லஸ்கர் மெதுவானவர் என்பது உவமையைக் கெடுக்கவில்லை, 741-க்கு இன்னும் பொருத்தமாக்குகிறது. 741-க்கு உள்ளேயே 30 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. டேவ் ஃபுல்லகர் 1968-இல் ஃபேர்சைல்டு என்கிற சிப் கம்பெனிக்காக வடிவமைத்தபோது அதைச் சிப்புக்குள்ளேயே வைத்தார். அதற்கு முந்தைய 709-இல் வெளியே கெபாசிட்டர் போட்டாக வேண்டும். போடாவிட்டால் தானாகவே ஆட ஆரம்பிக்கும். 741-ஐ வேண்டுமென்றே மெதுவாக்கியிருக்கிறார்கள், அவசரப்பட்டு அதிகமாகத் திருகி, திரும்பத் திருகி, வாய்க்காலில் அலை எழுப்பாமல் இருப்பதற்காக.

இதனால் என் முதல் பதிலையும் திருத்த வேண்டியிருக்கிறது. 2 லட்சம் கெயின் என்பது டிசிக்கும் 5 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அதற்கு மேல் அதிர்வெண் பத்து மடங்கு ஏறினால் கெயின் பத்தில் ஒரு பங்காகும். 1 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1000 மட்டுமே. அப்போது 5 வோல்ட் வெளியீட்டுக்கு வித்தியாசம் 25 மைக்ரோவோல்ட் இல்லை, 5 மில்லிவோல்ட். மீட்டரில் தாராளமாகத் தெரியும் அளவு. ஆனாலும் வெளியீட்டின் அளவு கிட்டத்தட்ட குறையாது, ஏனென்றால் அந்தப் பிழை கால் சுற்று பின்தங்கி வருகிறது; அளவைத் தொடாமல் 0.63 பாகை தாமதத்தை மட்டும் சேர்க்கிறது. அதனால்தான் மைக் ஆம்ப்ளிஃபயரில் ஐடியல் கணக்கு போட்டும் பிழைத்துப் போகிறோம்.

ஜனவரி 20, இரவு 9.50 | ஆழித்தேர்

அந்தக் கால் சுற்று விஷயத்தை வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் தூங்குவார்கள். சொல்லத்தான் வேண்டும்.

ஜனவரி 21, இரவு 8.40 | அரசலாறு

கொஞ்சம் வழி விலகுகிறேன், ஆனால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். லட்சக்கணக்கில் கெயின் வைத்துக்கொண்டு அதில் பெரும்பகுதியை வீசிவிட்டு வெறும் 10 எடுத்துக்கொள்வது யாருக்கு முதலில் தோன்றியது? பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஹரால்டு பிளாக். 1927 ஆகஸ்ட் 2 காலை, வேலைக்குப் போகும்போது ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதினார். 1928-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், கிடைத்தது 1937-இல். பாடுபட்டுச் சேர்த்த கெயினை எவராவது வேண்டாம் என்பாரா என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு நம்பிக்கை வரவில்லை. தொலைபேசிக் கம்பியில் நூற்றுக்கணக்கான மைல் போகும் குரல் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரிலும் சிதைந்துகொண்டிருந்ததே அவருடைய பிரச்சினை. கெயினைக் கொடுத்துத் துல்லியத்தை வாங்கினார்.

ஆற்றின் மேல் தோன்றிய யோசனை என்பதால் நம்மூர்க்காரனாகிய எனக்குத் தனி ஒட்டுதல். "ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபயர்" என்ற பெயர் இருபது வருடம் கழித்து, 1947-இல் ரகட்சினியும் உடன் இருந்தவர்களும் எழுதிய கட்டுரையில் வந்தது. கூட்டல், தொகையீடு மாதிரியான கணக்குச் செயல்களைச் செய்வதால் அந்தப் பெயர்.

ஜனவரி 24, இரவு 10.40 | அரசலாறு

மூன்று நாள் வர முடியவில்லை. தம்பியின் சம்பா அறுப்பு. நேரடி கொள்முதல் நிலையத்தில் வரிசை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டியதால் களத்தில் கொட்டி, கால் வைத்துக் கிளறி, மறுபடி காயவைத்தோம். சிப்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தராசையே பார்த்திருந்தேன். அங்கேயே ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டேன். வித்தியாச ஆம்ப்ளிஃபயர் ஐடியலாக இல்லாவிட்டால் எவ்வளவு நெல் போகும் என்று.

எலெக்ட்ரானிக் தராசின் அடியில் லோடு செல் இருக்கிறது. நாலு ரெசிஸ்டர் பாலம். 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்துக்கு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் கணக்கில் 10 மில்லிவோல்ட் தரும். 200 கிலோ தராசு என்று வையுங்கள்: ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோவோல்ட். 40 கிலோ சிப்பம் வெறும் 2 மில்லிவோல்ட். இது பாலத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம். இரண்டு முனையுமே கிரவுண்டிலிருந்து 2.5 வோல்ட் உயரத்தில் நிற்கின்றன.

ஒரே ஒரு ஆப்-ஆம்ப், நாலு ரெசிஸ்டர் வைத்து இதை 100 மடங்கு பெருக்கினால் ஐடியல் விடை அழகானது: இரண்டாவது கழித்தல் முதலாவது, இன்டு 100. அந்த 2.5 வோல்ட் விடையிலேயே வராது. போடும் முறையும் சுலபம். ப்ளஸ் காலுக்கு வோல்டேஜ் பங்கீடு, அங்கிருந்து வெளியீட்டுக்கு 101 மடங்கு, மைனஸ் பக்கத்திலிருந்து −100 மடங்கு, இரண்டையும் கூட்டு. நாலு ரெசிஸ்டரின் விகிதம் சரியாகப் பொருந்தினால் இரண்டு முனைக்கும் பொதுவான அந்த 2.5 வோல்ட் அடிபட்டுப்போகும்.

பொருந்தாவிட்டால்? 1 சதவீத ரெசிஸ்டர் நாலும் மோசமான பக்கமாகவே விலகினால், பொதுவான வோல்டேஜை அடக்கும் விகிதம் 101 வகுத்தல் 0.04, அதாவது சுமார் 2500 மடங்குதான். 2.5 வோல்ட்டை 2500-ஆல் வகுத்தால் 1 மில்லிவோல்ட். தராசில் அது 20 கிலோ! அரைச் சிப்பம் நெல், ஆப்-ஆம்ப் ஐடியலாக இருந்தும். 741-இன் சொந்த ஆஃப்செட்டைச் சேர்த்தால் இன்னும் மோசம். அது சாதாரணமாகவே 1, 2 மில்லிவோல்ட் இருக்கும். 2 மில்லிவோல்ட் என்பது ஒரு முழுச் சிப்பம்.

நிலையான பிழையைத் தராசில் பூஜ்யம் அழுத்தி அழித்துவிடலாம். வெயிலில் சூடாகி நகரும் பிழையை அழிக்க முடியாது. அதனால்தான் தராசுகளில் 741 கிடையாது. ரெசிஸ்டர்களை உள்ளேயே துல்லியமாகப் பொருந்தும்படி செதுக்கிய இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரோ, வோல்டேஜை நேராக எண்ணாக்கும் 24 பிட் மாற்றி சிப்போதான் இருக்கும். ஐடியல் கணக்கு இங்கே தோற்கவில்லை. எந்த இடத்தில் ஐடியலாக இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது.

நெல் எடுத்துவிட்டார்கள். தூக்கம் வருகிறது.

ஜனவரி 26, மாலை 5.15 | மன்னை மாணவன்

லீவு என்பதால் பிரெட்போர்டில் போட்டேன். ப்ளஸ் 12, மைனஸ் 12 சப்ளை. 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 741. உள்ளீட்டுக்கு 12 வோல்ட்டில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் வைத்து 0.5 வோல்ட் அளந்துவிட்டு இணைத்தேன். வெளியீடு −5 வரவில்லை. +10.6 வருகிறது, அசையவே இல்லை. ரெசிஸ்டர் வந்து சேரும் காலில் 1.75 வோல்ட். 741 பழுதா? வேறொன்று மாற்றியும் அதேதான்.

ஜனவரி 26, மாலை 6.00 | அரசலாறு

இரண்டு 741-ஐயும் தூக்கிப் போடாதீர்கள். ரெசிஸ்டர்கள் வந்து சேருவது 2-ஆம் காலா (மைனஸ்), 3-ஆம் காலா (ப்ளஸ்)?

ஜனவரி 26, மாலை 6.20 | மன்னை மாணவன்

3. கிரவுண்டு 2-இல். மாற்றிப் போட்டிருக்கிறேன் அண்ணா.

ஜனவரி 26, இரவு 9.10 | அரசலாறு

இந்தத் தவறைச் செய்ததற்குச் சந்தோஷப்படுங்கள். இந்த இழை முழுக்க நான் சொல்ல நினைத்தது இதில் இருக்கிறது.

பேப்பரில் அந்தத் தப்பான சர்க்யூட்டுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் சமம், காலுக்குள் மின்னோட்டம் இல்லை, முனையில் கூட்டல். விடை மறுபடியும் −5. அச்சு அசலாக அதே விடை! சமன்பாட்டுக்கு ப்ளஸ் எது, மைனஸ் எது என்று தெரியாது. சமம் என்று எழுதிய நொடியில் அந்தத் தகவலைத் தூக்கிப் போட்டுவிட்டோம். ஆனால் போர்டில் நிற்பது +10.6. திருகைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட லஸ்கர் அவர்.

நடந்தது இதுதான். 3-ஆம் கால் துளி ஏறியது, வெளியீடு ஏறியது, அது 10 கிலோ ஓம் வழியாக 3-ஆம் காலை இன்னும் ஏற்றியது, சப்ளையில் முட்டி நின்றுவிட்டது. இது ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஒரு எல்லையிலிருந்து இன்னொரு எல்லைக்குத் தாவும் ஷ்மிட் ட்ரிகர். உள்ளீட்டை மைனஸ் 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஒரே தாவலில் −10.6-க்குப் போகும்.

அதனால் "சமம்" என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: யார் இதைச் சமமாக்குகிறார்? வெளியீட்டிலிருந்து மைனஸ் காலுக்கு வழி இருக்கிறதா என்று விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். இருந்தால் எழுதுங்கள். இல்லை என்றால் அந்த வரியை எழுத உரிமை இல்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. என் கணக்கில் 3-ஆம் காலில் 1.42 வர வேண்டும், நீங்கள் 1.75 என்கிறீர்கள். ரெசிஸ்டரை அளந்து பாருங்கள்.

ஜனவரி 27, காலை 7.00 | அரசலாறு

மிச்சமும் சொல்லிவிடுகிறேன். ஃபீட்பேக் மைனஸ் என்று உறுதியானதும் மைனஸ் கால் முனையில் கிர்ச்சாஃப் மின்னோட்ட விதி (முனைக்குள் வருவதும் வெளியே போவதும் சமம்) எழுதுங்கள். வெளியீட்டு முனையில் எழுதாதீர்கள். அங்கே ஆப்-ஆம்ப் எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமானாலும் தரும், வாங்கும்; அது தெரியாத எண், எழுதினால் தெரியாதது ஒன்று கூடுமே தவிர விடை நெருங்காது. விடை வந்ததும் சப்ளையோடு ஒப்பிடுங்கள். 1.5 வோல்ட் கொடுத்தால் விடை −15 வரும். ±12 சப்ளையில் 741 பத்தரை வோல்ட்டோடு நின்றுவிடும். அப்போது 2-ஆம் காலில் பூஜ்யம் இருக்காது, 15-இலிருந்து 10.5 போய் மீதியை 11-ஆல் வகுத்தால் 0.41 வோல்ட் நிற்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாத நாள் அது.

நாளை 28. மேட்டூர் மூடுவதற்கு வழக்கமாகச் சொல்லும் தேதி. ஜூன் 12 வரை லஸ்கருக்கும் வேலை குறைவு.

ஜனவரி 29, இரவு 11.10 | அரசலாறு

கல்யாணத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். மைக் மிக்ஸரைப் பார்த்ததும் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு மிக்ஸர் செய்தேன். நாதஸ்வரத்துக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று. மூன்றும் தனித்தனி 10 கிலோ ஓம் வழியாக ஒரே மைனஸ் காலில் சேரும். அந்தக் கால் பூஜ்யத்திலேயே நிற்பதால் ஒரு மைக்குக்கு இன்னொரு மைக் இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றும் தன் மின்னோட்டத்தைப் பூஜ்யத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. ஒன்றின் வால்யூமைக் குறைத்தால் மற்றது மாறாது. கூட்டும் சர்க்யூட்டின் அழகே அதுதான்.

ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. மல்லாரி ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் கரகரவென்று ஒரு சத்தம், தவில் அடி ஒவ்வொன்றும் தகரத்தில் அடித்தது மாதிரி, பூட்டியிருந்த அறிவிப்பு மைக்கைத் திறந்தால் நாதஸ்வரம் சுருதியே இல்லாமல் மங்கியது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கை நடுங்கியது. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு காலைச் சுற்றி, ஈயத்தில் நகக்கணு மாதிரி மெல்லிய கறுப்பு வளையம். ட்ரை சோல்டர், அதாவது சரியாக ஒட்டாத ஈயம். ஃபீட்பேக் போனதும் பூஜ்யம் போயிற்று, பூஜ்யம் போனதும் மூன்று மைக்கும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறிவிட்டன. ஊதுவத்திக் கொள்ளியில் ஆணியைக் காய்ச்சிப் பார்த்தேன், உருகவில்லை. கடைசியில் செப்புக் கம்பி ஒன்றை இறுக்கிச் சுற்றினேன். அந்த ராத்திரிக்கு அது தாங்கியது.

ஜனவரி 31, மாலை 6.45 | மன்னை மாணவன்

கால்களைச் சரியாக மாற்றினேன். இப்போது மைனஸ் வருகிறது, ஆனால் −3.52. ரெசிஸ்டர் அளந்தேன்: 9.82 கிலோ ஓம், 994 ஓம். இதனால் இவ்வளவு குறையாதே?

ஜனவரி 31, இரவு 9.20 | அரசலாறு

குறையாது. யோசித்தேன், என் 1.42-க்கும் உங்கள் 1.75-க்கும் இதே காரணம்தான்.

பொட்டென்ஷியோமீட்டரில் 0.5 வோல்ட் வைத்தது எதையும் இணைக்காமல் இருக்கும்போது. 12 வோல்ட்டில் 0.5 என்றால் கீழ்ப்பக்கம் சுமார் 417 ஓம், மேலே 9583. இரண்டும் பக்க இணைப்பில் 400 ஓம். அந்த 400, உங்கள் 994-ஓடு தொடராகச் சேர்ந்துவிட்டது. 9.82 வகுத்தல் 1.394, இன்டு 0.5: 3.52. சரியாக வருகிறது. தப்பான இணைப்பிலும் இதே 1394-ஐப் போடுங்கள், 1.75 வருகிறது. நான் சோர்ஸை ஐடியல் என்று நினைத்துவிட்டேன். ஆப்-ஆம்ப் காலில் மின்னோட்டம் போகாது, உண்மை. ஆனால் சர்க்யூட்டின் வாசலில் போகும். தலைகீழ் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை முடிவிலி இல்லை, அந்த 1 கிலோ ஓம் மட்டுமே. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம்.

கையில் இருக்கும் இரண்டாவது 741-ஐ ஃபாலோயராக (உள்ளீட்டு வோல்டேஜை அப்படியே வெளியே தரும் இணைப்பாக) நடுவில் போடுங்கள். வெளியீடான 6-ஆம் காலை 2-ஆம் காலோடு நேராக இணைத்து, பொட்டென்ஷியோமீட்டரை 3-ஆம் காலுக்கு. அது பொட்டிலிருந்து ஒன்றும் எடுக்காது. பிறகு இன்னொன்று செய்யுங்கள்: மீட்டரை முக்கிய 741-இன் 2-ஆம் காலில் வைத்துக்கொண்டே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஒரு பக்கம் பிடுங்குங்கள்.

பிப்ரவரி 2, மாலை 4.30 | மன்னை மாணவன்

ஃபாலோயர் போட்டேன். வெளியீடு −4.94. 9.82 வகுத்தல் 0.994 வைத்து நீங்களே பாருங்கள் அண்ணா, சரியாக இருக்கிறது. 2-ஆம் காலில் மீட்டர் 0.00.

10 கிலோ ஓமைப் பிடுங்கினேன். 2-ஆம் காலில் 0.50, வெளியீடு −10.5-இல் போய் முட்டிக்கொண்டது. திரும்பச் செருகினேன். 0.00. நாலு தடவை பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். கடைசித் தடவை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.